எம்ஆர்ஐ வேகமாகலாம், அளவு மாறக் கூடாது: இந்த ஆராய்ச்சிக்கு எப்படித் தயாராவது?

மகளுக்கு இயற்பியலும் கணக்கும் பிடிக்கிறது, மூளை எம்ஆர்ஐ ஸ்கேனை வேகமாக்கும் ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படுகிறார், ஆனால் அந்த வேலையை ஏஐ விழுங்கிவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். நியாயமான பயம்தான் அம்மா. ஆனால் இங்கே ஏஐ வந்த பிறகு, விஷயம் தெரிந்த ஆட்கள் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறார்கள்.

எம்ஆர்ஐ நேரடியாகப் படம் பிடிப்பதில்லை. சிக்னலை வரி வரியாகச் சேகரித்து, ஃபூரியர் என்ற, அலைகளைப் பிரித்தறியும் கணக்கு மூலம் படமாக்குகிறது. நேரமெல்லாம் அந்த வரிகளுக்குத்தான் போகிறது. பாதி வரிகளை விட்டுவிட்டால் நேரமும் பாதியாகும். ஆனால் தலையின் ஒரு பகுதி இன்னொரு பகுதியின் மேல் மடிந்து விழும். தலையைச் சுற்றியுள்ள பல காயில்கள் (சிக்னலைப் பிடிக்கும் கம்பிச்சுருள்கள்) தரும் தகவலை வைத்து அந்த மடிப்பைப் பிரிக்க 1999-இல் சென்ஸ், 2002-இல் கிராப்பா என்ற முறைகள் வந்தன. 2007-இல், குறைந்த வரிகளிலிருந்தே கணக்குப் போட்டுப் படத்தை மீட்கும் கம்ப்ரஸ்டு சென்சிங், இப்போது ஏற்கெனவே எடுத்த ஸ்கேன்களிலிருந்து கற்றுக்கொள்ளும் ஏஐ முறையான டீப் லேர்னிங். சென்ஸ், கிராப்பா முறைகளில் நான்கில் ஒரு பங்கு வரிகளை மட்டும் எடுத்தால், இரைச்சலோடு ஒப்பிடும்போது சிக்னலின் தரம் பொதுவாகப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடும்.

சிக்கல் இதற்கு அப்புறம்தான். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நரம்பு மண்டல நோயில் மூளை சுருங்குவது பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. வேகமான ஸ்கேன் அளவீட்டில் இரண்டு சதவீதம் பிசகினால் அந்த மாற்றம் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். திசுவின் சிக்னல் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று காட்டும் டி1, டி2 நேரங்களை மில்லிவினாடியில் அளக்கும்போதும் இதே கதை. டீப் லேர்னிங் தரும் படம் பளபளப்பாக இருக்கும். அதிலுள்ள எண் தவறாக இருக்கலாம். அந்தத் தவறைக் கண்டுபிடிக்கிற ஆளாக உங்கள் மகள் உருவாக வேண்டும். மதிப்பு முன்கூட்டியே தெரிந்த ஃபேண்டத்தை (சோதனைக்கான மாதிரிப் பொருளை) ஸ்கேன் செய்து ஒப்பிடுவது, ஒரே ஆளை இரண்டு முறை ஸ்கேன் செய்து எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது, இதெல்லாம் மனிதர்கள் பொறுப்பேற்றுச் செய்ய வேண்டிய வேலை.

இயற்பியல், எலெக்ட்ரானிக்ஸ், பயோமெடிக்கல், கணிதம், எந்தப் பட்டத்திலிருந்தும் இங்கே வரலாம். பெயரில் ஏஐ இருக்கிறதே என்பதற்காக மட்டும் ஒரு படிப்பில் சேர்க்காதீர்கள். லீனியர் ஆல்ஜீப்ரா, ஃபூரியர், நிகழ்தகவு, பைத்தான், இந்த நான்கும் ஆழமாக இருந்தால் மற்றதைப் போகப் போகக் கற்றுக்கொள்ளலாம். ரேடியோகிராஃபி படிப்பு வேறு. அது ஸ்கேன் கருவியை இயக்கி நோயாளியைக் கவனிக்கும் நல்ல வேலைக்கானது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆராய்ச்சி என்றால் பெரும்பாலும் பிஎச்டி வரை போக வேண்டியிருக்கும். அவ்வளவு காலம் வீடு தாங்குமா என்று இப்போதே மனம்விட்டுப் பேசிவிடுங்கள். முதுகலையோடு நிறுத்தினாலும், ஸ்கேனர் நிறுவனங்களில் மென்பொருள், தரச் சோதனை வேலைகளுக்கு முயலலாம்.

இந்த விடுமுறையில் ஒரு பயிற்சி. ஃபாஸ்ட்எம்ஆர்ஐ என்ற பொதுத் தரவுத் தொகுப்பில் மூளை ஸ்கேன்களின் மூலத் தரவே ஆராய்ச்சிக்குக் கிடைக்கிறது. ஒன்றை எடுத்து, ஒன்றுவிட்டு ஒரு வரியை நீக்கிவிட்டு, படம் மடிவதை அவரே பார்க்கட்டும். பிறகு சென்ஸ் முறையில் பிரித்து, முழுப் படத்தோடு கழித்துப் பார்க்கட்டும். மிச்சம் விழும் பிழை எங்கே, ஏன் என்று தோண்டிக்கொண்டே உட்கார்ந்துவிட்டால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.