ஓட்டுநர் இல்லாத லாரியில் சரக்கை யார் பார்த்துக்கொள்வது? கேள்வி பதில்

சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு கிடங்கில் சரக்குக் கட்டும் பிரிவைக் கவனித்துவந்தேன். இப்போது சாலையில் போகும் லாரிகளின் சரக்கைத் திரையில் கண்காணிப்பது என் வேலை. தானியக்க லாரி என்றாலே எல்லாரும் ஸ்டியரிங்கைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பின்னால் இருக்கும் 20 டன்னைப் பற்றிக் கேளுங்கள் என்றேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கதிரவன், பிரைம் மூவர் (டிரெய்லரை இழுக்கும் லாரி) ஓட்டுநர், துவாஸ்: அண்ணே, நான் இல்லாவிட்டால் சரக்கைக் கட்டிய பட்டை வழியில் தளர்ந்ததை யார் பார்ப்பார்கள்?

இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும், தம்பி. ஓட்டுநர் என்றால் திருப்புகிறவர், பிரேக் மிதிக்கிறவர் என்று மட்டும் எண்ணி இயந்திரத்தைச் செய்துவிட்டார்கள். கண்ணாடியில் தார்ப்பாய் படபடப்பதைப் பார்ப்பவரும் அவர்தான். பின்னால் ஏதோ உருளும் சத்தம் கேட்டால் காதைத் தீட்டிக்கொள்பவரும், தேநீருக்கு நிறுத்தும்போது பட்டையை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பவரும் அவர்தான்.

அமெரிக்க மத்திய அரசின் விதி இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது. ஓட்டுநர் புறப்படும் முன் சரக்கைச் சோதிக்க வேண்டும். முதல் 50 மைலுக்குள் மறுபடி பார்க்க வேண்டும். அதன்பின் 3 மணி நேரம் அல்லது 150 மைல், எது முந்துகிறதோ அப்போதெல்லாம் பார்க்க வேண்டும். முத்திரையிட்டு, திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிய பெட்டிகளுக்கு விலக்கு உண்டு. முதல் சோதனையை அவ்வளவு சீக்கிரம் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. புதிதாக இறுக்கிய பாலியெஸ்டர் பட்டை சற்று நீளும், சரக்கை அடுக்கிய பேலட் தட்டுகள் அதிர்ந்து ஒன்றோடொன்று நெருங்கும், காலையில் கல்லாக இருந்த கட்டு தொளதொளத்துப் போகும்.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். 50 மைல் என்பது 80 கிலோமீட்டர். இந்தத் தீவே மேற்கிலிருந்து கிழக்குவரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். மறுபடி பார்க்க வேண்டிய இடம் வருவதற்குள் லாரி கடலில் இறங்கியிருக்கும். ஆகவே கிடங்கு வாசலில் நடக்கும் சோதனைதான் நமக்கு ஏறக்குறைய முழுச் சோதனையும். எங்கள் பழக்கம் இது: கட்டிய பிறகு வளாகத்துக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டி, வேகத்தடையில் ஏற்றி இறக்கி, மறுபடி இறுக்கிய பிறகுதான் வெளிவாசல் திறக்கும். கட்டியவர் பெயரும் நான்கு பக்கப் படங்களும் பதிவாகாமல் புறப்பாட்டுக்கு அனுமதி கிடையாது.

வழியில் சென்சார்கள் பார்க்கும். அவை கூப்பிடும்போது கேட்க ஒரு மனிதர் வேண்டும், அவருக்கு மேலாளரைக் கேட்காமல் லாரியை நிறுத்தும் அதிகாரமும் வேண்டும். நிறுவனங்கள் சென்சாருக்குப் பணம் கொடுத்துவிடுகின்றன, இந்த அதிகாரத்தைக் கொடுக்கத்தான் யோசிக்கின்றன.

கிடங்கு மேற்பார்வையாளர், பைனியர்: தானியக்க லாரி மனிதரைவிட மென்மையாக ஓட்டும் என்கிறார் விற்பனையாளர். 10 டன் இயந்திரம் ஒன்றை ஏற்றும்போது பட்டைகளைக் குறைக்கலாமா?

கூடாது. நூறு பயணம் மென்மையாக ஓடும் லாரி, அடுத்ததில் ஒரு மிதிவண்டி குறுக்கே வந்தால் தயக்கமே இல்லாமல் முழு பிரேக் போடும். அதற்காகத்தான் அதை வாங்குகிறோம். மெதுவாகப் பழகிப்போன சரக்கு அந்த ஒரு நொடியில் அப்பாவியாக முன்னால் பாயும்.

அனைத்துலகக் கடல்துறை அமைப்பு, அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு, ஐ.நா. ஐரோப்பியப் பொருளியல் ஆணையம் மூன்றும் சேர்ந்து வெளியிட்ட சரக்கு ஏற்றும் நெறிமுறை, சாலைப் பயணத்தில் முன்பக்கமாகச் சரக்கின் எடையில் 0.8 பங்கு விசையையும், பக்கவாட்டிலும் பின்பக்கமாகவும் 0.5 பங்கையும் தாங்கும்படி கட்டச் சொல்கிறது. ஸ்டியரிங்கில் யார் இருக்கிறார்கள் என்று அது கேட்பதில்லை.

உங்கள் 10 டன்னைக் கணக்கிடுவோம். முன்னால் தள்ளும் விசை 8 டன். தளம் எவ்வளவு பிடிக்கும் என்பதைச் சொல்லும் உராய்வுக் கெழு 0.3 என்றால் உராய்வு 3 டன்னைப் பிடித்துக்கொள்ளும், மீதி 5 டன். மேலே குறுக்காகப் போட்டுக் கைப்பிடியால் இறுக்கும் ராட்செட் பட்டை ஒன்று இரு பக்கமும் 300 கிலோ இழுவிசையோடு இருந்தால் சரக்கை 600 கிலோ அழுத்தத்தில் தளத்தோடு சேர்க்கும். அதில் 0.3 பங்கு, அதாவது 180 கிலோ பிடிப்புத்தான் நமக்குக் கிடைப்பது. 5,000ஐ 180ஆல் வகுத்தால் 28 பட்டைகள்! பட்டையில் தைத்த சீட்டில் 2,500 கிலோ என்று அச்சிட்டிருக்கிறதே என்பார்கள். அது பட்டை அறுந்துபோகாமல் தாங்கும் அளவு. கையால் இறுக்கினால் கிடைக்கும் இழுவிசை அதே சீட்டில் தனியாக, மிகச் சிறிய எண்ணாக எழுதப்பட்டிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை.

இப்போது இயந்திரத்தின் அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பைப் போடுங்கள். கெழு 0.6 ஆகும். மீதி 2 டன், பட்டைக்கு 360 கிலோ, ஆறு பட்டைகள் போதும். இதில் பாதுகாப்புக் காரணி சேர்க்கவில்லை, சேர்த்தால் இன்னும் ஒன்றிரண்டு கூடும். முன்பக்கம் மரக்கட்டை வைத்து அணைத்தாலோ, நேர்ச் சங்கிலியால் பிணைத்தாலோ கணக்கு இன்னும் நன்றாக அமையும். தானியக்க லாரிக்குச் செலவழிக்கும் பணத்தில் தூசு அளவு அந்த ரப்பர் விரிப்பு.

மீனலோசினி, தளவாடத் துறை மாணவி: எந்தெந்த சென்சார்கள் உண்மையில் பயன்படுகின்றன, சார்?

கண்காட்சிக்குப் போனால் இருபது வகை காட்டுவார்கள். நான் முதலில் கேட்பது அச்சுகளில் விழும் எடை. காற்றுப்பை சஸ்பென்ஷனில் அழுத்தத்தை வைத்தே எடை தெரிந்துவிடும். 20 டன் சரக்கு பக்கவாட்டில் 10 சென்டிமீட்டர் நகர்ந்தால், இரு பக்க ஆதாரங்களுக்கிடையே 2 மீட்டர் இருக்கும்போது, ஒரு பக்கம் 1 டன் கூடி மறுபக்கம் 1 டன் குறையும். இவ்வளவு பெரிய மாற்றத்தைக் கவனிக்கத் தனி அறிவு வேண்டாம். ஆனால் பல டிரெய்லர்களில் இடது, வலது காற்றுப்பைகள் ஒரே குழாயில் இணைந்திருக்கும். அப்படியானால் அழுத்தம் சமமாகிவிடும், சென்சாருக்கு ஒன்றுமே தெரியாது. வாங்கும் முன் அந்தக் குழாயைப் பற்றிக் கேளுங்கள், விற்பவர் முகத்தைப் பாருங்கள்.

அடுத்தது பட்டைகளின் இழுவிசை அளவி. ஒவ்வொரு பட்டைக்கும் வேண்டியதில்லை, முன்னும் பின்னும் இருந்தாலே போக்கு தெரிந்துவிடும். சரக்குப் பகுதிக்குள் கேமரா நல்லதுதான், இருட்டிலும் தூசியிலும் அதை முழுதாக நம்பாதீர்கள். டயர் அழுத்தம், சக்கர மையத்தின் வெப்பம் இரண்டும் சரக்குப் பாதுகாப்புக்கே சேர்ந்தவை, டயர் எரிந்தால் சரக்கும் எரியும்.

தொழில்நுட்பத்தைவிடப் பெரிய தொல்லை வேறொன்று: பொய் எச்சரிக்கைகள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் மணி அடித்தால், திரைக்கு முன் இருப்பவர் மூன்றாம் நாளே ஒலியை அணைத்துவிடுவார். ஒரே சென்சார் சொன்னால் குறித்துக்கொள், இரண்டு சேர்ந்து சொன்னால் வேகத்தைக் குறை, எடை மாறினால் நிறுத்து. இப்படி முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதையும்தான். ஆயர் ராஜா விரைவுச்சாலையின் ஓரத்தில் சாய்ந்த சரக்கோடு நிற்பதைவிட, அடுத்த வெளிவழியில் மெல்ல இறங்கி ஒதுங்குவது பல நேரங்களில் மேல்.

ரஹ்மத்துல்லா, காய்கறி மொத்த வியாபாரி, பாசிர் பாஞ்சாங்: குளிர்பெட்டி நின்றுபோனால் யாருக்குத் தெரியும்?

உங்களுக்கே கைப்பேசியில் தெரியும், பாய். ஆனால் எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது பெட்டிக்குள் சுற்றும் காற்றின் வெப்பநிலை, கீரையின் வெப்பநிலை அல்ல. பனி உருக்கும் சுற்றின்போது காற்று சற்றுச் சூடாகும், பிறகு இறங்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஏறிய கோடு இறங்காமல் நின்றால்தான் பதற வேண்டும். கதவு சென்சாரும் அதே திரையில் இருக்கட்டும்.

இன்னொன்று: குளிர்பெட்டி சரக்கைக் குளிராக வைத்திருக்கும், சூடான சரக்கைக் குளிர வைக்க அது செய்யப்பட்டதல்ல. மைனஸ் 18இல் இருக்க வேண்டிய மீனை மைனஸ் 10இல் ஏற்றிவிட்டு லாரியைத் திட்டக் கூடாது. பெட்டிக்குள் இதற்குமேல் அடுக்காதே என்று குறித்திருக்கும் மேற்கோட்டைத் தாண்டி அடுக்கினாலும் காற்று போக வழி இருக்காது. ஓட்டுநர் இருந்தால் அதைப் பார்த்து முணுமுணுத்திருப்பார். இனி முணுமுணுக்க ஆள் இல்லை, ஏற்றும்போதே படம் எடுத்துச் சரிபாருங்கள்.

சரக்கு முகவர்: கொள்கலன் பூட்டியே வருகிறது. உள்ளே எப்படிக் கட்டினார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

தெரியாது, அதுதான் சிக்கல். 2016 ஜூலை முதல் கப்பலில் ஏற்றும் கொள்கலனின் மொத்த எடையைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும் என்பது கடல் பாதுகாப்பு விதி. எடை சரியாக இருக்கும், எடை எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது என்பது அதில் வராது. வளைவில் கவிழும் கொள்கலன்கள் பலவற்றின் கதை அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே வெளிவாசலிலேயே இடவல எடையைத் தனித்தனியாக அளந்துவிட்டு அனுப்புங்கள்.

2022இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநர் இல்லாத வாகனங்கள் கொள்கலன்களைச் சுமந்து ஓடுகின்றன, பொதுச்சாலையிலும் அப்படியே ஓடலாமே என்கிறார்கள். துறைமுகத்துக்குள் பாதை வேலிக்குள் இருக்கிறது, நடந்துபோக யாரும் இல்லை. அவ்வகை வாகனங்கள் பலவற்றில் கொள்கலன் மூலை வழிகாட்டிகளுக்குள் உட்காருவதோடு சரி. சாலையில் நான்கு மூலையிலும் ட்விஸ்ட்லாக் என்ற சுழல்பூட்டைத் திருப்பிப் பூட்டியிருக்க வேண்டும். இன்று அதை ஓட்டுநர் இறங்கித் திருப்புகிறார். நாளை நான்கு பூட்டும் விழுந்ததென்று சென்சார் உறுதி சொல்லாமல் லாரி கியர் ஏறவே கூடாது.

2017இல் போக்குவரத்து அமைச்சும் துறைமுகத்தை நடத்தும் பிஎஸ்ஏ நிறுவனமும் ஸ்கானியா, டொயோட்டா சூஷோ ஆகியவற்றுடன் லாரி அணிவகுப்புச் சோதனைக்கு ஒப்பந்தம் செய்தன. முன்னால் ஒரு லாரியில் ஓட்டுநர், பின்னால் மூன்று ஆளில்லாமல் தொடரும் என்பது திட்டம். முதல் லாரிக்காரர் நான்காவது லாரியின் மூலைப் பூட்டை எந்தக் கண்ணாடியில் பார்ப்பார் என்றுதான் எனக்கு அப்போதே தோன்றியது.

பெயர் வேண்டாம்: ஆளில்லாத லாரியைத் திருடுவது எளிதல்லவா?

குறுக்கே ஒருவர் நின்றால் போதும், அது மரியாதையாக நின்றுவிடும். ஓட்டுநராக இருந்தால் நிலைமையைப் புரிந்துகொண்டு ஒதுங்கிப் போயிருப்பார். நம் ஊரில் இது பெரிய கவலை இல்லை என்றாலும், எல்லை தாண்டும் சரக்குக்கு யோசிக்கத்தான் வேண்டும். உயர் பாதுகாப்புச் சீல் திருடனைச் சற்றுத் தாமதப்படுத்தும், திறந்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லும், ஆனால் முழுதாகத் தடுத்துவிடாது. கதவுப் பூட்டைக் கட்டுப்பாட்டு அறையும் சேருமிடமும் மட்டுமே திறக்கும்படி வையுங்கள். ஜிபிஎஸ் அலையை ஒருவர் முடக்கினால், சிக்னல் இல்லாமல் போவதே எச்சரிக்கையாக வேண்டும். பல மென்பொருள்கள் கடைசியாகத் தெரிந்த இடத்தைக் காட்டிக்கொண்டு அமைதியாக இருந்துவிடும்.

ஜூரோங் தீவில் வேலை செய்பவர்: ரசாயன டேங்கர்களும் இப்படி ஓடுமா?

கடைசியாக மாற வேண்டியது அதுதான் என்பது என் கருத்து. ஆபத்தான பொருள் ஏற்றும் வாகனங்கள் குடிமைத் தற்காப்புப் படையின் கண்காணிப்பு முறையில் இணைந்திருக்கின்றன, ஓட்டுநருக்கும் தனி அனுமதி வேண்டும். கசிந்தால் முதலில் ஓடிவந்து வால்வை மூடுகிறவர் அந்த அனுமதி பெற்றவர்தான். தவிர, பாதி நிரம்பிய டேங்கரில் திரவம் அலைமோதுவதை எந்தப் பட்டையும் கட்டாது.

சரோஜா, தெம்பனிஸ்: இப்படி ஒரு லாரி பக்கத்தில் வந்தால் நான் பயப்பட வேண்டுமா?

மற்ற லாரிகளுக்குப் பயப்படும் அளவுக்குப் போதும், அம்மா. பின்னால் ஒட்டிப் போகாதீர்கள்.

முருகேசன், லாரி ஓட்டுநர்: என் வேலை போய்விடுமா, உண்மையைச் சொல்லுங்கள்.

ஸ்டியரிங் வேலை குறையும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் விளம்பரம் சொல்லும் வேகத்தில் அல்ல. 2025இல் அமெரிக்காவில் அரோரா நிறுவனம் டாலஸ், ஹியூஸ்டன் நகரங்களுக்கிடையே ஓட்டுநர் இல்லாமல் சரக்கு லாரி ஓட்டத் தொடங்கியது. சில வாரங்களிலேயே, லாரி தயாரித்த நிறுவனம் கேட்டுக்கொண்டதால், இருக்கையில் ஒருவரை மறுபடி உட்காரவைத்தது. அங்கே இன்னொரு வேடிக்கையும் நடந்தது. நின்றுபோன லாரியைச் சுற்றி 10 நிமிடத்துக்குள் எச்சரிக்கை முக்கோணங்கள் வைக்க வேண்டும் என்பது விதி. வைக்கக் கை இல்லை. லாரியிலேயே ஒளிரும் விளக்கு போதும் என்று விலக்குக் கேட்டு, மறுக்கப்பட்டு, வழக்குவரை போனார்கள். ஓட்டுநரின் சில்லறை வேலைகள் எவ்வளவு என்பதை அவர்கள் அப்போது எண்ணத் தொடங்கியிருப்பார்கள்.

சரக்கு ஏற்றும் இடத்தில் சோதிப்பவர், திரைக் கண்காணிப்பாளர், நின்ற லாரியை மீட்கப் போகிறவர் என்று வேலைகள் பிரியும். பட்டையைத் தட்டினால் வரும் ஒலியை வைத்தே இறுக்கம் சொல்லும் உங்களைப் போன்றவர்களை அங்கே உட்காரவைக்காமல், கணினி மட்டும் தெரிந்தவரை உட்காரவைத்தால் அது நிறுவனத்தின் முட்டாள்தனம். சம்பளம் அதே அளவு இருக்குமா என்பதைச் சங்கத்தோடு இப்போதே பேசுங்கள்.

கிடங்கு ஊழியர், சுங்கை காடுட்: நனைந்த பட்டை, பழைய பட்டை, எதை எப்போது தூக்கிப் போடுவது?

பாலியெஸ்டர் நனைந்தால் வலிமை அதிகம் குறையாது. நைலான் குறையும். நனைந்த தளம் வழுக்குவதுதான் பெரிய ஆபத்து, ஏற்றும் முன் துடைத்துவிடுங்கள். ஓரம் வெட்டுப்பட்டது, முடிச்சுப் போட்டது, ரசாயனம் பட்டது, சீட்டு கிழிந்து எண்கள் தெரியாதது எல்லாம் குப்பைக்கு. குப்பையில் போடும் முன் நடுவில் வெட்டிவிடுங்கள். முழுதாகப் போட்டால் இரவுப் பணிக்காரர் எடுத்துக் கட்டிவிடுவார்.