வாசகர் கேள்வி – பதில்: ஓணம் கழிந்த கொச்சி

கொச்சிப் பயணம் குறித்து நம் கன்னியாகுமரி மாவட்ட வாசகர்கள் எழுதிய கேள்விகள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். பழைய கொச்சியை நிதானமாகப் பார்க்க விரும்புகிறோம். டிசம்பரில்தான் போக வேண்டும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எங்களுக்கோ கூட்டம் ஆகாது. செப்டம்பர், அக்டோபரில் போனால் மழை கெடுத்துவிடுமா?
— ஒரு வாசகி, தக்கலை

பிள்ளைகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அம்மா. டிசம்பரில் வானம் தெளிந்திருக்கும், புழுக்கம் குறைந்திருக்கும். கொச்சி முசிறிஸ் பினாலே என்னும் கலைக்காட்சி நடக்கும் ஆண்டாக இருந்தால், மற்ற நாள்களில் பூட்டிக் கிடக்கும் பழைய பண்டகசாலைகள் சிலவற்றுக்குள்ளும் நுழைந்து பார்க்கலாம். ஆனால் கிறிஸ்துமஸ் தொடங்கிப் புத்தாண்டு வரை ஃபோர்ட் கொச்சியின் ஒடுங்கிய தெருக்களில் கார்னிவல் கூட்டம் நெரியும். அறை வாடகையும் அந்த நாள்களில்தான் உச்சத்தில் இருக்கும். கூட்டம் ஆகாது என்று உறுதியாகச் சொல்கிற உங்களுக்கு அந்தச் சில நாள்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மழையைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நம் அகஸ்தீஸ்வரம் பக்கம் பெய்வதைவிட இது இருமடங்குக்கும் அதிகம். அதில் மிகக் கனத்த மழை ஜூன், ஜூலை மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். செப்டம்பரில் விட்டுவிட்டுப் பெய்யும். அக்டோபரில், மலையாளத்தார் துலாவர்ஷம் என்று சொல்லும் ஐப்பசி மழை, பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல் இடியோடு இறங்கும்; காலை வேளைகள் வெயிலாகவே இருப்பதுண்டு. ஆகவே நடந்து பார்க்க வேண்டிய தெருக்களையும் கடற்கரையையும் காலையில் முடித்துக்கொண்டு, அரண்மனை, அருங்காட்சியகம் போலக் கூரைக்குக் கீழே பார்ப்பவற்றைப் பிற்பகலுக்கு ஒதுக்கினால் மழை உங்கள் பயணத்தைக் கெடுக்காது.

ஓணத்தின் பத்து நாள்களும், சரஸ்வதி பூஜை விடுமுறையும், தீபாவளியை ஒட்டிய விடுமுறையும் இந்தப் பருவத்திலேயே வருகின்றன. அவற்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும் காட்சியை விட்டுவிட்டு வெளியூர் போகத் தக்கலைக்காரர் யாருக்கும் மனம் வராது என்பதால், ஓணம் கழிந்து நவராத்திரி தொடங்குவதற்கு முன் கிடைக்கும் இடைவெளியே உங்களுக்கு ஏற்றது.

ஆனால் என்னைக் கேட்டால், மாதத்தைவிடக் கிழமையைத்தான் கூடுதலாகப் பார்க்க வேண்டும். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதன் அருகிலுள்ள பரதேசி யூதர் ஜெபாலயம் வெள்ளிக்கிழமை பிற்பகலிலும் சனிக்கிழமையிலும் திறப்பதில்லை. திருப்பூணித்துறை ஹில் பேலசுக்குத் திங்கள் விடுமுறை. வார இறுதியில் கிளம்பிப்போய் ஜெபாலயத்தின் பூட்டிய கதவைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். இன்னொன்றும் உண்டு: யூதர்களின் புத்தாண்டும், யோம் கிப்பூர் என்னும் நோன்பு நாளும், அதைத் தொடரும் கூடாரப் பண்டிகையும் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரிலேயே வருவதால், அந்த ஆண்டில் அவை எந்தெந்தத் தேதிகளில் விழுகின்றன என்று பார்த்த பிறகே ரயிலுக்கு முன்பதிவு செய்யுங்கள். செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாள்கள் வாய்த்தால் எல்லாமே திறந்திருக்கும், கூட்டமும் இராது.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு மட்டாஞ்சேரி அரண்மனையின் வெளித்தோற்றம் ஏமாற்றமாகவே இருக்கும். நம்மூர் அரண்மனையின் மரவேலைப்பாட்டையும் கண்ணாடிபோல் மின்னும் கருந்தரையையும் அங்கே தேடாதீர்கள். 1555-ஆம் ஆண்டு போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்து, பின்னர் டச்சுக்காரர் செப்பனிட்டதால் 'டச்சு அரண்மனை' என்று பெயர் பெற்ற எளிய கட்டடம் அது. அதன் செல்வம் உள்ளே, பள்ளியறையின் சுவர்களில் இருக்கிறது. இராமாயணம் முழுவதும் காவியும் பச்சையும் மஞ்சளுமாக அங்கே விரிகிறது. பத்மநாபபுரத்து உப்பரிகை மாளிகையின் மேல்தள ஓவியங்கள் பொதுமக்களுக்கு வழக்கமாகத் திறக்கப்படுவதில்லை. இங்கே அதே மரபைச் சேர்ந்த ஓவியங்களை அருகில் நின்று பார்க்கலாம். படம் எடுக்க அனுமதியில்லை என்பது ஒருவகையில் நல்லதே. பின்னால் நிற்பவர் நகரச் சொல்லி அவசரப்படுத்தாத ஒரு செவ்வாய்க்கிழமையில்தான் அந்தச் சுவர்களைப் படிக்க முடியும். வாடகை குறைகிறது என்பதைவிட, இந்த மாதங்களைப் பரிந்துரைக்க எனக்கு இதுவே முதற்காரணம்.

கேள்வி: எங்கள் ஊரில் தோற்ற டச்சுக்காரர்களின் தலைமையிடம் கொச்சி என்று படித்திருக்கிறேன். அவர்கள் விட்டுச்சென்றவை இன்றும் அங்கே இருக்கின்றனவா?
— ஒரு வாசகர், குளச்சல்

இருக்கின்றன, ஐயா. உங்கள் ஊர்க் கடற்கரையில் நிற்கும் வெற்றித்தூணுக்கு எதிர்த்தரப்பின் கதையைக் கொச்சியில்தான் பார்க்க வேண்டும். 1663-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, அங்கிருந்தே மலபார்க் கரையின் மிளகு வணிகத்தை நடத்தியது. ஃபோர்ட் கொச்சியின் பரேடு மைதானத்தை ஒட்டி, அந்தக் கம்பெனியின் முத்திரை பொறித்த மரவாயில் ஒன்று நிற்கிறது. அது 1740-இல் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படை அவர்களை முறியடித்தது. வாயிலை நிறுவியபோது அப்படியொரு தோல்வி வரும் என்று அவர்களில் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். தோல்விக்குப் பிறகும் அவர்கள் உடனே மூட்டை கட்டிவிடவில்லை என்பதற்கு, 1744-இல் போல்காட்டித் தீவில் எழுப்பிய மாளிகை சான்று. இன்று அது கேரள அரசின் சுற்றுலா விடுதி. 1753-இல் மாவேலிக்கரை உடன்படிக்கையின்படி திருவிதாங்கூரின் விவகாரங்களில் தலையிடுவதில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அவர்களுடைய செல்வாக்கு உண்மையாகவே வற்றியது.

செயின்ட் பிரான்சிஸ் தேவாலயத்தை அவசியம் பாருங்கள். 1524-இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் அடக்கம் செய்த இடம் என்பதற்காகவே பெரும்பாலோர் வந்து, அந்தக் கல்லை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவருடைய எலும்புகளோ 1539-லேயே போர்த்துக்கலுக்குப் போய்விட்டன. நீங்கள் சுவர்களைப் பாருங்கள். தரையிலிருந்து பெயர்த்தெடுத்த கல்லறைக் கற்களை ஒரு பக்கம் போர்த்துக்கீசியருடையவை, எதிர்ப்பக்கம் டச்சுக்காரருடையவை என்று பதித்து வைத்திருக்கிறார்கள். கடற்கரை அருகில் 1724-ஆம் ஆண்டைச் சேர்ந்த டச்சுக் கல்லறைத் தோட்டமும் உண்டு; வழக்கமாகப் பூட்டியே இருப்பதால் சுவருக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும்.

புறப்படும் முன் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்கு ஒருமுறை போய்விட்டுச் செல்லுங்கள். குளச்சலில் சிறைப்பட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவித்த டச்சுப் படைத்தலைவர் டிலனாய் 1777-இல் இறந்து அங்கேதான் அடக்கமானார். அவருடைய கல்லில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுச் சென்றால் கொச்சித் தேவாலயத்தின் கற்கள் அயலார் கற்களாகத் தோன்றமாட்டா.

கேள்வி: என் அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி உண்டு. அவர்களை அழைத்துப் போகலாமா? படகில் ஏறி இறங்க முடியுமா?
— ஒரு வாசகி, மார்த்தாண்டம்

தாராளமாக அழைத்துப் போகலாம். குழித்துறையில் ஏறினால் ஐலண்ட், பரசுராம் ஆகிய இரண்டுமே எர்ணாகுளம் செல்லும் வண்டிகள். எர்ணாகுளத்தில் சவுத், நார்த் என இரண்டு நிலையங்கள் உள்ளதால், உங்கள் வண்டி எதில் நிற்கும் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு அரசுப் படகும் உண்டு, வாட்டர் மெட்ரோவும் உண்டு. அரசுப் படகில் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் துறைக்கும் படகுக்கும் இடையே காலை எட்டி வைக்க வேண்டியிருக்கும். வாட்டர் மெட்ரோவின் துறைமேடை மிதவையாக இருப்பதால், வேலியேற்றம், வேலியிறக்கம் எதுவானாலும் படகின் தளமும் மேடையும் ஒரே மட்டத்தில் நிற்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதுதான் வசதி. உயர்நீதிமன்றத்துக்கு அருகிலுள்ள துறையில் ஏற வேண்டும். அக்கரையில் தெருக்கள் சமதளமானவை. ஃபோர்ட் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையே மட்டும் ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். மழை நின்ற கையோடு நடைபாதைக் கற்கள் வழுக்கும் என்பதால், அம்மாவுக்குப் பிடிப்புள்ள செருப்பு அவசியம்.

கேள்வி: ஒரே ஒரு பகல்தான் கிடைக்கும் என்றால் எதை விடுவது?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

ஹில் பேலஸ், மரைன் டிரைவ், போல்காட்டி மூன்றையும் விட்டுவிடுங்கள். காலையில் ஃபோர்ட் கொச்சி, பிற்பகலில் மட்டாஞ்சேரி, அவ்வளவே போதும். இடையில் அரை மணி நேரம் மிஞ்சினால் வெளி என்னும் பகுதியிலுள்ள சலவைத்துறையை எட்டிப் பாருங்கள். டச்சுப் படையினரின் உடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களாகச் சொல்லப்படும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் அங்கே தொழில் செய்கின்றன. உங்களோடு தமிழிலேயே பேசுவார்கள்.

கேள்வி: மட்டாஞ்சேரியில் கிராம்பு, மிளகு வாங்கிவரலாமா? மலிவாகக் கிடைக்குமா?
— ஒரு வாசகி, குலசேகரம்

மிளகும் சுக்கும் வாங்குங்கள். பஜார் சாலையின் மொத்த வியாபாரக் கடைகளுக்குள் நுழைந்தாலே மூக்குக்கு விருந்துதான். ஆனால் கிராம்பு விளையும் மாறாமலையின் அடிவாரத்தில் இருந்துகொண்டு, புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பை விட்டுவிட்டுக் கொச்சிக்குப் போய்க் கிராம்பு வாங்குவதாக நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை, அம்மா.

கேள்வி: சீன வலையில் இன்னும் உண்மையாகவே மீன் பிடிக்கிறார்களா, அல்லது சுற்றுலாக்காரர்களுக்கான வேடிக்கையா? மீன் சாப்பிட எந்த மாதம் நல்லது?
— ஒரு வாசகர், தேங்காப்பட்டணம்

இரண்டும்தான். நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுத்தால், கட்டித் தொங்கும் கற்களின் எடையில் வலை மேலெழும் அமைப்பு அது. ஏறும் நீரோட்டத்தின்போதுதான் ஓரளவு மீன் விழும், அதுவும் பொடிமீன்தான். கயிற்றைப் பிடித்துப் பார்க்க அழைத்தால், பிறகு பணம் எதிர்பார்ப்பார்கள் என்பதை அறிந்தே போங்கள். மீனுக்கு ஆகஸ்ட், செப்டம்பரே நல்ல பருவம். நம் மேற்குக் கரையில் 61 நாள் தடைக்காலம் ஜூலை 31-உடன் முடிவதுபோல, கேரளத்திலும் 52 நாள் தடை அதே நாளில்தான் முடிகிறது. ஆகவே அந்த மாதங்களில் சாளையும் அயிலையும் இறாலும் புதிதாகவே வரும். கரிமீன் காயல் மீன் என்பதால் இந்தத் தடைக்கும் அதற்கும் தொடர்பில்லை. வலைகளுக்குப் பக்கத்தில் மீன் வாங்கினால் அருகிலுள்ள கடைகளிலேயே சமைத்துக் கொடுப்பார்கள்; மீனின் விலையையும் சமையல் கூலியையும் தனித்தனியாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கத் தேங்காப்பட்டணத்துக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.