ஙாபோவின் கையெழுத்து

அன்புள்ள ஐயா,

திபெத்தைச் சீனாவுக்கு எழுதிக்கொடுத்தவர் ஙாபோ ஙவாங் ஜிக்மே என்று சென்ற கட்டுரையில் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். தலாய் லாமாவின் அமைச்சர், பிறகு சீன நாடாளுமன்றத்தின் சிறுபான்மை இன விவகாரக் குழுவுக்கே தலைவர்! இவரைத் துரோகி என்று சொல்லலாமா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஒரு வரி என் அவசரம். முதலில் பெயர்: அரிச்சுவடியோடு ஓய்வுபெற்றுவிட்ட நம் 'ங'வுக்கு இவரால் ஒரு வேலை கிடைத்தது.

1950 அக்டோபரில் சீனப் படை நுழைந்தபோது ஙாபோ கிழக்குத் திபெத்தின் ஆளுநர். அவருடைய தலைமையிடமான சாம்தோவிலிருந்து தலைநகர் லாசாவுக்கு அவசரச் செய்திகள் போயின. அமைச்சர்கள் வனபோஜனத்தில் இருக்கிறார்கள் என்று பதில் வந்ததாம். அவருடைய உதவியாளர் வானொலியிலேயே திட்டிய சொல்லை இங்கே அச்சிட முடியாது. சில நாட்களில் சாம்தோ விழுந்தது, ஙாபோ சரணடைந்தார். 1951 மே 23 அன்று பெய்ஜிங்கில் திபெத் சீனாவின் பகுதி என்று ஏற்கும் பதினேழு அம்ச ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதில் பதிக்கவேண்டிய திபெத்தியத் தரப்பின் முத்திரைகளைச் சீனர்கள் அங்கேயே செய்துகொடுத்தார்கள். தலாய் லாமா செய்தியை வானொலியில் கேட்டுத்தான் அறிந்தார். பிடிபட்டவர் போட்ட அந்தக் கையெழுத்தை வைத்து நான் அவரைத் தூக்கிலிட மாட்டேன்.

எனக்கு உறுத்துவது அதன் பிறகு நடந்தது. 1959இல் தலாய் லாமா வெளியேறினார், இவர் தங்கிவிட்டார். 1965இல் திபெத் தன்னாட்சிப் பகுதியின் முதல் தலைவரானார். அங்கே நிர்ப்பந்தம் என்ற சமாதானம் செல்லாது.

ஆனால் 1989 இருக்கிறதே! 1940 பிப்ரவரி 22 அன்று நடந்த தலாய் லாமாவின் அரியணை விழாவுக்கு, பின்னர் கம்யூனிஸ்டுகளிடம் தோற்றுத் தைவானுக்குப் போன சியாங் கை ஷேக்கின் சீன அரசின் மங்கோலிய, திபெத்திய விவகார ஆணையத் தலைவர் வூ சோங்ஷின்தான் தலைமை தாங்கினார், ஆகவே திபெத் அப்போதே சீனாவுக்குக் கீழ் இருந்தது என்பது சீனத் தரப்பின் பழைய வாதம். (திபெத்தில் ஒரு சாண் நிலம்கூட இல்லாமல் அந்த ஆணையம் தைவானில் 2017 வரை நடந்தது தனிக் கூத்து.) லாசாவில் இராணுவச் சட்டம் நடப்பில் இருந்த அதே 1989இல் ஙாபோ எழுந்து, வூ தலைமை தாங்கவில்லை, விருந்தினராக வந்திருந்தார், அவ்வளவே என்றார். ஆதாரமாகக் காட்டப்படும் படமும் விழாவில் எடுத்ததல்ல என்றார். சீன அரசுத் தரப்பு நாளிதழான 'திபெத் டெய்லி'யே அதை வெளியிட்டது. சிறுபான்மை இன விவகாரங்களைக் கவனிக்கப் பெய்ஜிங் அமர்த்திய மனிதரே பெய்ஜிங்கின் சான்றை உடைத்தார்.

2009 டிசம்பரில், 99 வயதில் இறந்தார். பெய்ஜிங் புகழ்ந்தது வியப்பில்லை. இந்தியாவில் தரம்சாலாவில் இருக்கும் திபெத்தியப் புலம்பெயர் அரசும் இரங்கல் தெரிவித்து, திபெத்திய மொழிக்கு அவர் செய்ததைக் குறிப்பிட்டது.

கட்டுரை நூலாகும்போது 'எழுதிக்கொடுத்தவர்' என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன்.