உலக பேஸ்பால் கிளாசிக்கில் பந்துகளை எண்ணி எண்ணி வீச விடுவது ஏன்? நாட்டுக்காக ஆடும்போதும் இப்படி ஒரு கட்டுப்பாடு தேவையா?

இந்த எரிச்சல் எனக்கும் இருந்தது. ஒரு பிட்ச்சர் (பந்து வீசுபவர்) அற்புதமாக வீசிக்கொண்டிருப்பார், எதிரணி திணறிக்கொண்டிருக்கும். அப்போது பார்த்து மேனேஜர், அதாவது அணியை நடத்தும் பயிற்சியாளர், மைதானத்துக்குள் நடந்து வந்து பந்தைக் கையில் வாங்கிக்கொள்வார். ஏன் என்று பார்த்தால், எண்ணிக்கை தீர்ந்துவிட்டது. நாடுகள் மோதும் ஆட்டத்தில் ரேஷன் முறையா என்று கடுப்பாக இருக்கும். அந்தக் கடுப்பு எப்படித் தணிந்தது என்பதையே பதிலாகச் சொல்கிறேன்.

முதலில் விதி. 2023 போட்டியில் ஒரு பிட்ச்சர் முதல் சுற்று ஆட்டம் ஒன்றில் 65 பந்துகள்தான் வீசலாம். காலிறுதியில் 80, அரையிறுதியிலும் இறுதியிலும் 95. ஒரு பேட்டருக்கு வீசிக்கொண்டிருக்கும்போது எண்ணிக்கை முடிந்தால், அவரை முடித்துவிட்டுப் போகலாம். அதோடு கட்டாய ஓய்வும் உண்டு. 30 பந்துகளைத் தொட்டால் அடுத்த நாள் வீச முடியாது. 50ஐத் தொட்டால் நான்கு நாள் ஓய்வு.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றக் கூடாது. ஒருநாள் போட்டியில் ஒருவருக்கு 10 ஓவர், அதாவது 60 பந்துதானே? ஆனால் அங்கே நான்கு ஓவர் போட்டுவிட்டு ஓரமாக நின்று, கடைசியில் மறுபடி வரலாம். பேஸ்பாலில் மாற்றப்பட்ட பிட்ச்சர் அந்த ஆட்டத்தில் மறுபடி பந்து வீச வர முடியாது. அதனால்தான் மேனேஜர் நடந்து வரும் அந்தக் காட்சி அவ்வளவு வலிக்கிறது.

காரணம் காலண்டரில் இருக்கிறது. போட்டி நடப்பது மார்ச் மாதத்தில். அமெரிக்காவின் மேஜர் லீக்கில் ஒவ்வொரு அணிக்கும் 162 ஆட்டங்கள். அந்தப் பருவம் தொடங்குவது மார்ச் கடைசியில் அல்லது ஏப்ரல் தொடக்கத்தில். பிப்ரவரியில்தான் பிட்ச்சர்கள் பயிற்சிக்கு வந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பந்துகளைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மார்ச் இரண்டாம் வாரத்தில் யாருடைய தோளும் முழங்கையும் 100 பந்துகளுக்குத் தயாராக இருக்காது. 65, 80, 95 என்று ஏறும் அந்தப் படிகள், கை பழகும் வேகத்தை ஒட்டியே போடப்பட்டவை.

இன்னொரு பக்கம் பணம். அந்தக் கைகளுக்குக் கோடி கோடியாகச் சம்பளம் கொடுப்பவை கிளப்புகள். மாட்டை இரவல் கொடுத்தவன் வரப்பில் நின்றுகொண்டு எத்தனை சால் ஓட்டுகிறாய் என்று எண்ணுவான் அல்லவா, அந்தக் கதைதான். காப்பீட்டுச் சிக்கலால் 2023இல் நட்சத்திர பிட்ச்சர் கிளேட்டன் கெர்ஷா அமெரிக்க அணிக்கு ஆட முடியாமலே போனது. வரம்பும் இல்லையென்றால் இன்னும் எத்தனை பேர் வராமல் இருந்திருப்பார்கள்? (வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டு அதிகம் பேசப்பட்ட காயம் பந்து வீசி வந்ததில்லை. போர்ட்டோ ரிக்கோவின் பிட்ச்சர் எட்வின் டியாஸ், வென்ற பிறகு துள்ளிக் குதித்துக் கொண்டாடும்போது முழங்கால் தசைநாணைக் கிழித்துக்கொண்டு அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். குதிப்பதற்கு யார் வரம்பு போடுவது?)

உங்கள் ஆதங்கத்தில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. இந்த விதி, நல்ல பிட்ச்சர்கள் நிறைய பேர் இருக்கும் அணிகளுக்குச் சாதகம். ஒரே ஒரு நல்ல பிட்ச்சரை வைத்துக்கொண்டு சின்ன நாடு எதுவும் கோப்பை வரை போக முடியாது. 2023இல் டோக்கியோவில் செக் அணிக்காக வீசிய ஓண்ட்ரே சடோரியா, பிழைப்புக்கு எலக்ட்ரீஷியன். பந்து வீச்சிலும் பேட்டிங்கிலும் கலக்கும் ஜப்பான் நட்சத்திரம் ஷோஹேய் ஓதானியையே மெதுவான பந்தில் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட்) செய்தார். அரங்கமே ரசித்தது. ஆனால் அவருக்குப் பிறகும் இன்னிங்ஸ்கள் (ஒரு அணி மூன்று அவுட் வரை பேட் செய்வது ஒரு இன்னிங்ஸ்; ஆட்டத்துக்கு ஒன்பது) மிச்சம் இருந்தன. ஜப்பான் 10-2 என்று வென்றது. ஜப்பானிடமோ ஒருவர் போனால் அதே தரத்தில் இன்னொருவர் வருவார். 2006, 2009, 2023 என மூன்று கோப்பைகள் அங்கே போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

என் மனதை மாற்றியது 2023 இறுதி ஆட்டம். மியாமியில் அமெரிக்காவுக்கு எதிராக ஜப்பான் ஏழு பிட்ச்சர்களைப் பயன்படுத்தியது. தொடங்கிய ஷோதா இமனகா இரண்டே இன்னிங்ஸ். அடுத்து வந்தவரும் இரண்டு. அப்புறம் ஆளுக்கு ஒரு இன்னிங்ஸ் என்று அஞ்சல் ஓட்டம் போலக் கைமாறிக்கொண்டே போனது. அமெரிக்க பேட்டர்களுக்கு ஒரே கையைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பழகிக்கொள்ள நேரமே கிடைக்கவில்லை. எட்டாவது இன்னிங்ஸில் யூ தர்விஷ்; அமெரிக்காவின் கைல் ஷ்வார்பர் அவர் பந்தை ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல) அடித்து, ஜப்பானின் முன்னிலையை 3-2 ஆகக் குறைத்தார்.

ஒன்பதாவதுக்கு வந்தவர் ஓதானி. இங்கேதான் ஓய்வு விதியைக் கவனியுங்கள். மார்ச் 16 அன்று டோக்கியோவில் இத்தாலிக்கு எதிரான காலிறுதியில் அவர் 50 பந்துகளுக்கு மேல் வீசியிருந்தார். நான்கு நாள் ஓய்வு என்றால் 17, 18, 19, 20. இறுதி ஆட்டம் 21. ஒரு நாள் முன்னால் நடந்திருந்தால் அவர் பேட்டோடு மட்டும்தான் இறங்கியிருக்க முடியும்.

முதல் பேட்டருக்கு வாக் கொடுத்தார் (நான்கு பந்துகள் இலக்கை விட்டு விலகினால் பேட்டர் முதல் பேஸுக்கு இலவசமாகப் போகலாம்). அடுத்து மூக்கி பெட்ஸ் அடித்த பந்தில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் அவுட். மிச்சம் ஒரே ஒரு அவுட். எதிரே மைக் ட்ரவுட், அப்போது ஏஞ்சல்ஸ் கிளப்பில் ஓதானியின் சக ஆட்டக்காரர். எண்ணிக்கை மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் வரை போனது; இன்னொரு பால் (விலகிய பந்து) என்றால் வாக், இன்னொரு ஸ்ட்ரைக் என்றால் அவுட். கடைசியாக ஸ்லைடர் என்னும் வளையும் பந்து ஒன்று வெளிப்பக்கமாக ஓடியது. ட்ரவுட் பேட்டைக் காற்றில் வீசினார்; அவுட், கோப்பை ஜப்பானுக்கு.

எட்டு இன்னிங்ஸ் வீசிக் களைத்த கையிலிருந்து அப்படி ஒரு பந்து வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். நான் இப்போதெல்லாம் ஸ்கோருக்கு முன்னால் திரையின் மூலையில் ஓடும் பந்து எண்ணிக்கையைத்தான் பார்க்கிறேன். 55ஐத் தாண்டியதும், அடுத்து யாரைக் கூப்பிடுவார்கள் என்று மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது.