கழுத்து வலிக்கு டிங்கி மருந்தா?

கேள்வி: எனக்கு 47 வயது. ஒன்பது வருடமாக ஞாயிறு தவறாமல் விண்ட்சர்ஃபிங், அதாவது பாய் மாட்டிய பலகையில் நின்று கடலில் ஓட்டுவது. ஐ.டி. வேலை, மற்ற நாளெல்லாம் கம்ப்யூட்டர்தான். போன வருடம் கழுத்து வலி ஆரம்பித்து இடது கட்டைவிரல் வரை மரத்துப் போனது. எம்.ஆர்.ஐ.யில் சி5–சி6 டிஸ்க் பிதுங்கியிருக்கிறதாம். "பலகையை விட்டுவிடுங்கள்" என்கிறார் டாக்டர். "டிங்கிக்கு மாறு, சின்னப் பாய்மரப் படகுதானே, உட்கார்ந்தே ஓட்டலாம்" என்கிறான் நண்பன். கடலே வேண்டாம் என்கிறாள் மனைவி. யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகர், திருவான்மியூர்

பதில்: மூன்று பேர் சொல்வதிலும் பாதி சரி, உங்கள் நண்பர் சொல்வதில் மட்டும் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. டிங்கியில் உட்கார்ந்திருப்போம் என்பது உண்மைதான், ஆனால் அது சோபாவில் உட்காருவது மாதிரி இல்லை.

முதலில் டாக்டரிடம் இன்னொரு நடை போய் வாருங்கள். "டிங்கி ஓட்டலாமா" என்று வெறுமனே கேட்காதீர்கள், அவர் டிங்கியைப் பார்த்தேயிருக்க மாட்டார். என்னென்ன அசைவு வரும் என்று செய்து காட்டிக் கேளுங்கள்: குனிந்து பூமுக்கு (பாயின் அடிப்பக்கத்தைத் தாங்கும் குறுக்குக் கம்பு) அடியில் நுழைவது, கால் மணி நேரம் ஒரே பக்கம் கழுத்தைத் திருப்பி வைத்திருப்பது, கவிழ்ந்தால் தண்ணீரில் விழுவது. கட்டைவிரல் மரப்பு இன்னும் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறது, நடக்கும்போது கால் பின்னுகிறது என்றால் நரம்பு மட்டுமில்லை, தண்டுவடமே அழுந்துகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அப்போது பலகையும் வேண்டாம் படகும் வேண்டாம், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

அதெல்லாம் இல்லை, அவரும் சரி என்றுவிட்டார் என்றால் மேலே படிக்கலாம்.

எனக்கும் இதே கதைதான். நானும் காற்றையும் அலையையும்தான் திட்டிக்கொண்டிருந்தேன், பிசியோதெரபிஸ்ட்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுக்கச் சொல்லச் சொல்லி, குற்றவாளிகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார். முதல் குற்றவாளி கரையிலேயே இருந்தது: பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு மணலில் நடந்ததுதான். அப்புறம் பாயைப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்த்தே வைத்திருப்பது. கழுத்தெலும்புக்கு இடையில் நரம்பு வெளியே வருகிற துளை இருக்கிறதே, தலையைப் பின்னால் சாய்த்தால் அது குறுகும், ஏற்கெனவே டிஸ்க் பிதுங்கி இடம் இல்லாத நரம்பு இன்னும் நசுங்கும். தண்ணீரில் கிடக்கும் பாயைக் கயிறு பிடித்துத் தூக்கும்போது தோளும் கழுத்தும் கல்லாக இறுகுவதும் ஒன்று. எல்லாவற்றையும் விட மோசமானது, ஹார்னஸ் (உடம்பைக் கொக்கி போட்டுப் பாயோடு பிணைக்கும் பட்டை) மாட்டியிருக்கும்போது திடீர்க் காற்று பாயோடு சேர்த்து நம்மையும் பலகையின் மூக்குக்கு மேலே தூக்கி எறிவது. டிஸ்க் பிதுங்கியவருக்கு அந்த ஒரு விழுதலே போதும்.

டிங்கியில் இந்தக் கடைசி ஆபத்து ஏறக்குறைய போய்விடுகிறது. பாயைக் கையால் தாங்க வேண்டியதில்லை, பாய்மரம் தாங்கிக்கொள்ளும், உங்கள் கையில் ஒரு கயிறும் படகைத் திருப்பும் சுக்கான் பிடியும்தான். ஆனால் நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். நேராக லேசர் படகில் போய் ஏறினேன். ஒருவர் ஓட்டும் படகு, 4.23 மீட்டர், யார் உதவியும் வேண்டாம் என்ற வீறாப்பு. பலமான காற்றில் அதைக் கவிழாமல் வைக்க, பட்டையில் பாதத்தை மாட்டிக்கொண்டு உடம்பை வெளியே தொங்கப்போட வேண்டும். வயிறும் தொடையும் பிடித்துக்கொள்ள, தலை தன்னால் முன்னுக்கு நீட்டிக்கொள்ளும், ஆமை மாதிரி. பூமும் தாழ்வு, ஒவ்வொரு திருப்பத்துக்கும் கழுத்தை மடக்கியாக வேண்டும். கரையில் பாய் மாட்டிய மரத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் குழியில் இறக்குவது வேறு. இரண்டே மாதம், பழைய வலி திரும்பி வந்துவிட்டது.

எனவே இருவர் ஓட்டும் படகாகப் பாருங்கள். எண்டர்பிரைஸ், வேஃபேரர் மாதிரியான பழைய படகுகள். 1950களில் வரைந்த வடிவங்கள், வேகப் பைத்தியங்களுக்குப் பிடிக்காது, உங்களுக்குப் பிடிக்க வேண்டும். எடையைப் பங்கு போட ஆள் உண்டு, வெளியே தொங்குவது குறைவு. நம்ம ஊர் கே.சி. கணபதியும் வருண் தக்கரும் ஒலிம்பிக்கில் ஓட்டிய 49இஆர் கூட இருவர் படகுதான், ஆனால் அதில் இரண்டு பேரும் கம்பியில் தொங்கிக்கொண்டு படகுக்கு வெளியே நிற்பார்கள். அதைப் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மேலே பார்க்கும் பழக்கத்தை விட வேண்டும். மரத்தின் உச்சியில் காற்றுகாட்டி வைத்திருப்பார்கள், அண்ணாந்து பார்த்துப் பார்த்தே கழுத்து போகும். பூமுக்குக் கீழே, மரத்தின் முன்பக்கம் மாட்டுகிற சின்னக் காற்றுகாட்டி கிடைக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். முன்பாயில் ஒட்டியிருக்கும் நூல்கள் கண் மட்டத்திலேயே தெரியும். மிச்சத்தைக் காதும் கன்னமும் சொல்லும், ஒன்பது வருடப் பலகைக்காரருக்கு நான் அதைச் சொல்லித் தரத் தேவையில்லை. முன்னால் பார்க்கும்போது கழுத்தை மட்டும் திருப்பாமல் இடுப்போடு சேர்த்து அணியம் (படகின் முன்முனை) பக்கம் லேசாகத் திரும்பி உட்காருங்கள், இது சின்ன விஷயமாகத் தெரியும், எனக்குப் பாதி வலி இதில்தான் குறைந்தது.

பலகை கற்றுத் தந்ததில் முக்கால்வாசி டிங்கியிலும் செல்லும். தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தால் பலத்த காற்று வருகிறது என்பது இரண்டிலும் ஒன்றுதான், தாங்கவில்லை என்றால் விட்டுவிடு என்பதும் ஒன்றுதான். அங்கே பாயை, இங்கே பாய்க்கயிற்றை. மாட்டிக்கொள்ளும் இடம் சுக்கான். பலகையில் அது கிடையாது, பாய்மரத்தைப் பின்னால் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். அந்த ஞாபகத்தில் முதல் வாரம் காற்று அடித்தபோது உடம்பைச் சாய்த்துக் கையில் இருந்ததையெல்லாம் என் பக்கம் இழுத்தேன். இழுத்ததில் சுக்கான் பிடியும் ஒன்று. படகு நேர் எதிர்ப்பக்கம், காற்றை விட்டு விலகித் திரும்பி, பூம் சுழன்று வந்து காதுக்கு மேலே ஒன்று வைத்தது. ஒரு வாரம் கழுத்துப் பட்டையோடு திரிந்தேன். முதல் பத்து தடவைக்காவது ஹெல்மெட் போடுங்கள், யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

சென்னையிலேயே இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி. 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் துறைமுகத்துக்குள்ளேயே இருக்கிறது, அலை உடைந்த நீர், படகு தடதடவென்று அறையாது. கோடையில் மதியம் கடல்காற்று ஏறுவதற்கு முன்னால், காலை இளங்காற்றில் ஆரம்பியுங்கள். முதலில் முக்கால் மணி நேரம் போதும், மறுநாள் காலை கழுத்து என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த வாரம் கூட்டிக்கொள்ளலாம்.

மனைவியை முன்பாய்க் கயிறு பிடிக்க அழைத்துப் போகலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். கட்டிய மனைவிக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த அனுபவம் உண்டா? அதே கதைதான், இறங்கி நடந்து போகக்கூட வழியில்லாமல். அவருக்கு விருப்பம் இருந்தால் வேறொருவரிடம் தனியாகக் கற்றுக்கொள்ளட்டும்.

கேள்வி: எனக்கு 60 வயது, கழுத்துத் தேய்மானம் உண்டு, நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டால் டிங்கி ஏறலாம்தானே?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: நீச்சல் கற்றுக்கொண்டு வாருங்கள் ஐயா. டிங்கி கவிழும், கவிழ்வது விபத்தில்லை, பாடத்தில் ஒரு பகுதி. மல்லாந்து மிதந்து நீந்துவதிலிருந்து தொடங்குங்கள், கழுத்துக்கு அதுவே இதம். தலையைத் தூக்கி வைத்து நீந்தும் தவளை நீச்சல் உங்களுக்கு ஆகாது. ஜாக்கெட் வாங்கும்போது கழுத்துக்குப் பின்னால் தடித்த காலர் தலையை முன்னுக்குத் தள்ளுகிறதா என்று போட்டுப் பாருங்கள். மயங்கினாலும் முகத்தை மேலே வைப்பது அந்தக் காலர்தான், அதனால் நன்றாக நீந்தத் தெரியும் வரை அதைத் தவிர்க்க வேண்டாம்.

கேள்வி: லேசரும் ஐ.எல்.சி.ஏ.வும் வேறு வேறு படகா? மகளுக்கு 14 வயது, எதில் சேர்ப்பது?
– ஒரு அம்மா, வேலூர்

பதில்: படகு ஒன்றுதான். வணிகப் பெயர் தகராறில் 2019இலிருந்து பெயர் மாறிவிட்டது. உடல் அதேதான், பாயின் அளவுதான் 4, 6, 7 என்று மாறும். மகளுக்கு 4 சரியாக இருக்கும். உங்கள் வேலூர்க்காரர் விஷ்ணு சரவணன் 2023 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கியது 7இல், சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது 6இன் பழைய பெயரான ரேடியலில். கழுத்தைப் பற்றி அவள் இப்போது கவலைப்பட வேண்டாம், பள்ளிப் பையின் எடையை மட்டும் கொஞ்சம் குறையுங்கள்.