கட்டுரையை அனுப்பினால் எழுத்து உடைகிறது, பத்தி சிதறுகிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள். என்ன செய்வது?

கேள்வி கேட்டவர் இணைய இதழ்களுக்குக் கட்டுரை எழுதி அனுப்புகிறவர். தன் கணினியில் ஒழுங்காக இருப்பது அங்கே போய்ச் சேரும்போது பெட்டி பெட்டியாகவோ, பத்தியே இல்லாமல் ஒரே மொத்தையாகவோ தெரிகிறதாம். இரண்டு முறை திரும்பி வந்துவிட்டதாம். மூன்றாவது முறை அனுப்பவே பயமாக இருக்கிறது என்கிறார்.

எனக்கும் நடந்தது. அதுவும் டிடிபி கடையில் ஆறு வருடம் தட்டச்சு செய்த எனக்கே நடந்தது என்பதுதான் வெட்கம்.

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது எங்கள் கடை. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ், எல்லாவற்றையும்விட அதிகமாகக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். அந்தப் பழக்கத்தில் என் முதல் கட்டுரையையும் வேர்டில் பாமினியிலேயே அடித்து ஓர் இணைய இதழுக்கு அனுப்பினேன். ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றியது. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது. அந்த நிலையத்துக்கு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போன நாளிலிருந்து கட்டுரையை ஆரம்பித்திருந்தேன்.

நான்கு நாள் கழித்து ஆசிரியர் போன் செய்தார். "நீங்க அனுப்பினது எந்த மொழிம்மா?"

"தமிழ்தான் சார்."

"எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் அப்படின்னு ஆரம்பிக்குதே?"

"அது 'அம்மா' சார்" என்றேன். அந்த வயிற்றெரிச்சலிலும் அவர் சிரித்துவிட்டார்.

பாமினி தெரிந்தவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். அந்த எழுத்துருவில் 'எம்' சாவியைத் தட்டினால் 'அ' தெரியும், 'கே' தட்டினால் 'ம', அரைப்புள்ளிதான் மெய்யின் புள்ளி, 'ஹெச்' துணைக்கால். கோப்புக்கு உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். தமிழ் வேஷம் போட்டிருக்கும். பாமினி இல்லாத கணினிக்குப் போனதும் வேஷம் கலைந்துவிடும். யூனிகோட் என்ற பொதுக் குறியீட்டு முறையில் அப்படி இல்லை. அங்கே 'அ' என்றால் எந்த ஊர்க் கணினியிலும் 'அ'தான், அதற்கென்று தனி எண் உண்டு. 2010-இல் தமிழ்நாடு அரசே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. அப்புறமும் கடைகளில் பழைய எழுத்துருக்கள் ஏன் போகவில்லை என்றால், பேஜ்மேக்கர்தான் காரணம். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அதற்கு யூனிகோட் தமிழ் தெரியாது. அந்த மென்பொருள் இருக்கும் வரை பாமினியும் இருக்கும்.

எனவே உங்கள் கட்டுரை அங்கே எப்படித் தெரிகிறது என்பதை முதலில் கேட்டு வாங்குங்கள். கூச்சப்படாமல் ஒரு ஸ்கிரீன்ஷாட் கேட்கலாம். ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பையாகத் தெரிந்தால் பழைய எழுத்துரு என்று அர்த்தம். வெற்றுப் பெட்டிகளாகத் தெரிந்தால் உங்கள் எழுத்து பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், அவர்கள் பக்கம் தமிழ் எழுத்துரு கிடைக்கவில்லை. லதா, நிர்மலா யூஐ, நோட்டோ சான்ஸ் தமிழ் இவற்றில் ஒன்றுக்கு மாற்றி அனுப்பினால் போதும். கொம்பும் காலும் தனியாக நின்று பக்கத்தில் புள்ளி வட்டம் தெரிந்தால், எழுத்துகளின் வரிசை உள்ளே குழம்பியிருக்கிறது. அனேகமாக பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டியிருப்பீர்கள். 'கொ' என்பதில் கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் யூனிகோடில் 'க' முதலில் வரவேண்டும். பிடிஎஃப்பிலிருந்து எடுக்கும்போது பல நேரம் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே வந்துவிடும். அதை உட்கார்ந்து திருத்துவதைவிட, பிடிஎஃப்பை கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்து பாருங்கள். படத்தைப் பார்த்துப் படிப்பதுபோல் படித்து எழுத்தாக்கித் தரும். பிழை இருக்கும், ஆனால் மனிதப் பிழை அளவுக்குத்தான்.

பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் நிறைய உண்டு. ஒட்டி, பொத்தானை அழுத்தி, எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்ததை அப்படியே அனுப்பாதீர்கள். என் ராயபுரம் கட்டுரையை மாற்றியபோது ஒரு வரி இப்படி வந்தது: "ராயபுரம்இ காசிமேடுஇ தண்டையார்பேட்டைஇ திருவொற்றியூர்." எங்கிருந்து இத்தனை 'இ' என்று முழித்தேன். பாமினியில் காற்புள்ளிச் சாவிதான் 'இ'. நான் இடையில் ஆங்கில எழுத்துருவுக்கு மாறி அடித்த காற்புள்ளியை எல்லாம் அந்த மாற்றி 'இ' என்று எடுத்துக்கொண்டது. கட்டுரைக்குள் இருந்த ஆங்கிலச் சொற்களும் அப்படியே எந்த மொழியிலும் இல்லாத தமிழாக மாறியிருந்தன. மாற்றுவதற்கு முன் ஆங்கிலச் சொற்களை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ப்பதுதான் வழி.

இன்னொரு கூத்து வேர்டின் தானியங்கித் திருத்தம். வாக்கியத்தின் முதல் எழுத்தை அதுவாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். பாமினியில் சின்ன 'எம்' என்றால் 'அ', பெரிய 'எம்' என்றால் 'ஆ'. கடையில் ஒருமுறை அவசரத்துக்கு வேர்டில் அடித்த கல்யாணப் பத்திரிகை 'ஆன்புடையீர்' என்று ஆரம்பித்தது. நல்லவேளை, பெண்ணின் நைனா கண்ணில் பட்டுவிட்டது. "இன்னாம்மா, ஆரம்பமே இப்டிகீது?" என்றார். அச்சுக்குப் போயிருந்தால் ஐந்நூறு பத்திரிகை வீணாகியிருக்கும்.

சரி, யூனிகோடில்தான் அடிக்கிறேன், ஆனாலும் பத்தி சிதறுகிறது என்றால்? இது எழுத்தின் கோளாறு இல்லை, நாம் கண்ணுக்கு அழகு பார்த்ததன் விளைவு. டிடிபி கடைக்காரிக்கு இது இன்னும் கஷ்டம். தலைப்பை நடுவில் கொண்டுவர ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித் தள்ளுவேன். பத்தி ஆரம்பத்தில் டேப். வரி முறிய வேண்டிய இடத்தில் என்டர். ரயில் நிலையக் கட்டுரையில் ஆண்டுகளை இடப்பக்கமும் நிகழ்வுகளை வலப்பக்கமும் இடைவெளி விட்டே ஓர் அட்டவணைபோல அடுக்கியிருந்தேன். வேர்டில் கோடு போட்டதுபோல நின்றது. இணையப் பக்கத்தில் ஏறியதும் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. இணையப் பக்கம் பத்து இடைவெளி விட்டாலும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதன் இயல்பு அது.

வேர்டில் கண்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் ஒன்றாக அழுத்திப் பாருங்கள். இதுவரை ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வரும். ஒவ்வொரு இடைவெளியும் ஒரு புள்ளி, ஒவ்வொரு டேபும் ஓர் அம்பு, ஒவ்வொரு என்டரும் திரும்பி நிற்கும் 'பி' மாதிரி ஒரு குறி. முதல் தடவை பார்த்தபோது காசிமேட்டில் மீன் கொட்டின தரை மாதிரி இருந்தது என் பக்கம். வளைந்த அம்பு ஒன்று தெரிந்தால் அது ஷிப்ட்டோடு என்டர் தட்டியது. அது பத்தி இல்லை, வெறும் வரி முறிவு. உங்கள் கட்டுரை ஒரே மொத்தையாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கண்டுபிடித்து மாற்றும் பெட்டியில் தொப்பிக் குறியும் (^) சின்ன 'எல்' எழுத்தும் போட்டு, மாற்றாகத் தொப்பிக் குறியும் சின்ன 'பி'யும் கொடுத்தால் எல்லாம் உண்மையான பத்தியாகிவிடும். அதே பெட்டியில் தொப்பிக் குறியோடு சேர்ந்த இரண்டு 'பி'யை அப்படியே தொப்பியோடு ஒரு 'பி'யாக மாற்றினால் வெற்று வரிகள் போய்விடும்.

இதெல்லாம் வேண்டாம், சுருக்கமாகச் சொல் என்றால், நோட்பேட். கட்டுரை முழுவதையும் எடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். வண்ணம், அளவு, தடிமன், எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்த பின்னணி நிறம் எல்லாம் உதிர்ந்துவிடும். அங்கிருந்து மறுபடி எடுத்துப் புதுக்கோப்பில் ஒட்டுங்கள். துணைத்தலைப்புகளுக்கு மட்டும் வேர்டிலேயே இருக்கும் தலைப்புப் பாணியைக் கொடுங்கள். வேறு எதுவும் வேண்டாம். பக்கத்தை அழகு செய்வது அவர்கள் வேலை. நாம் அழகு செய்து அனுப்புவதை அவர்கள் உட்கார்ந்து கழற்ற வேண்டியிருக்கிறது. தளத்தின் படிவத்திலேயே நேராக ஒட்டச் சொன்னால் கண்ட்ரோல், ஷிப்ட், வி. வெறும் எழுத்து மட்டும் போகும். பாமினிக்கு மட்டும் இந்த மருந்து கேட்காது; நோட்பேடில் ஒட்டினால் எம், கே, அரைப்புள்ளி என்று அதன் உண்மை முகம் தெரிந்துவிடும். ஒருவகையில் அதுவும் நல்ல சோதனைதான்.

போனில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. இப்போது நானே பாதிக் கட்டுரையை மெட்ரோவில் புதுவண்ணாரப்பேட்டையில் ஏறி இறங்குவதற்குள் போனில் எழுதிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பிக்கொள்ளும் பழக்கம் இருந்தது, விட்டுவிட்டேன். கணினியில் நாலைந்து செய்திகளைச் சேர்த்து நகலெடுத்தால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் நேரமும் பெயரும் சேர்ந்து வருகிறது. ஒரு கட்டுரையின் நடுவில் இரவு 11.42 என்று இருந்ததை ஆசிரியர் 'காலக் குறிப்பு' என்று நினைத்து விட்டுவைத்தார்.

கண்ணுக்கே தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'மௌனம்' என்று எழுதும்போது பலர் 'ம'வுக்கு ஒற்றைக் கொம்பு போட்டு, பக்கத்தில் 'ள' என்ற எழுத்தையே அடித்துவிடுகிறார்கள்: 'மெளனம்'. பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் தேடுபொறிக்கு அது 'மெ-ள-னம்'. 'மௌனம்' என்று தேடுகிறவருக்கு உங்கள் கட்டுரை கிடைக்காமல் போகலாம். பௌர்ணமி, கௌரவம், சௌகரியம் எல்லாவற்றையும் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள். இதற்காக யாரும் கட்டுரையைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். எனக்குத்தான் பொறுக்காது.

படங்களைக் கோப்புக்குள் திணிக்காமல் தனியாக இணையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் தரத்தைக் குறைத்துவிடும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது உங்கள் பெயரும் தலைப்பும் இருக்கட்டும். 'கட்டுரை ஃபைனல் 2' என்று ஆசிரியரிடம் ஏற்கெனவே பத்து இருக்கும்.

அனுப்புவதற்கு முன் நான் கடைசியாகச் செய்வது ஒன்றுதான். என்னுடைய இன்னொரு மின்னஞ்சலுக்கு அனுப்பி, தம்பியின் போனில் திறந்து அவன் கையில் கொடுத்துவிடுவேன். அவன் என் கட்டுரை எதையும் முழுதாகப் படித்தவன் இல்லை. விரலால் தள்ளிக்கொண்டே போவான். நடுவில் நிறுத்தி "இன்னாக்கா இது?" என்று கேட்டால் அந்த இடத்தைப் பார்ப்பேன். கேட்காமல் கடைசிவரை தள்ளிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தால் அன்று ராத்திரியே அனுப்பிவிடுவேன்.