பழைய பெட்ரோமாக்ஸ்: மெருகு அப்புறம், காற்று முதலில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் காரைக்குடியைச் சுற்றிய ஊர்களிலிருந்து. படைப்புக்கோ (முன்னோருக்குப் படைக்கும் சடங்கு) கல்யாணத்துக்கோ பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால், இரண்டாங்கட்டு அறையில் எனாமல் அடுக்குக்கும் பீங்கான் ஜாடிக்கும் நடுவே ஒரு பெட்ரோமாக்ஸ் நிற்கத்தான் செய்கிறது.

எங்கள் ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த விளக்கு கிடைத்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன். அடுத்து என்ன செய்ய? (கானாடுகாத்தான் வாசகி)

முதலில் புளியைக் கீழே வையுங்கள், ஆச்சி. பெரும்பாலான பெட்ரோமாக்ஸ் டாங்கிகளில் பித்தளைக்கு மேல் நிக்கல் முலாம் இருக்கும். குத்துவிளக்குக்குப் புளி சரி. இதில் தேய்த்தால் முலாம் போய் அங்கங்கே மஞ்சள் திட்டு எட்டிப் பார்க்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய வேட்டித் துணியும் போதும்.

மெருகுக்கு முன்னால் டாங்கியைக் கவனியுங்கள். உள்ளே பழைய மண்ணெண்ணெய் பிசின் மாதிரி ஒட்டியிருக்கும். புது மண்ணெண்ணெய் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கி, இரண்டு நாள் ஊறவிட்டு, வெள்ளைத் துணியில் வடியுங்கள். பிறகு பூதக்கண்ணாடி வைத்து மூடிக் கழுத்தையும் அடி மடிப்பையும் சுற்றிப் பாருங்கள், தலைமுடி அளவு வெடிப்பு இருக்கிறதா என்று. விளக்கு மாட்டுக்கொட்டகை ஓரம் கிடந்திருந்தால் இரண்டு தடவை பாருங்கள். மாட்டு மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா பித்தளையை வெடிக்க வைக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் குதிரை லாயங்களில் மழைக்காலம் முழுக்க அடுக்கி வைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் இப்படித்தான் தானாகவே வெடித்தன. காரணம் பிடிபடப் பல வருஷம் ஆயிற்று.

வெடிப்பு இருந்தால் அந்த டாங்கிக்குக் காற்றடிக்கவே கூடாது. ஈயப் பற்று வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். எண்ணெய் ஆவி நிற்கும் காலி டாங்கியில் நெருப்பைக் காட்டுவது அதைவிட மோசம். முகப்பில் வைத்து அழகு பாருங்கள், ஐயா கோபித்துக்கொள்ள மாட்டார்.

எவ்வளவு பம்பு அடித்தாலும் காற்றழுத்தம் காட்டும் முள் ஏற மாட்டேன் என்கிறது. ஏறினாலும் பத்து நிமிஷத்தில் இறங்கிவிடுகிறது. (பள்ளத்தூர்)

நீங்கள் சொல்வது இரண்டு நோய், தம்பி. பம்புத் தண்டு எதிர்ப்பே இல்லாமல் லொடலொடவென்று போய்வந்தால், உள்ளே இருக்கும் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கிறது. கழற்றி ஒரு ராத்திரி விளக்கெண்ணெயில் ஊறப்போடுங்கள். காலையில் விரலால் ஓரத்தைக் கிண்ணம் மாதிரி விரித்து, அந்த விளிம்பு டாங்கிப் பக்கம் பார்க்கிற மாதிரி மாட்டுங்கள். தலைகீழாக மாட்டினால் சாயங்காலம் வரை அடித்தாலும் காற்று ஏறாது. தோல் கிழிந்திருந்தால் பழைய சைக்கிள் கடையில் அளவு காட்டிக் கேளுங்கள்.

அடித்து முடித்ததும் தண்டு தானாக மேலே எழும்புகிறதா? பம்புக் குழாய்க்குள் மண்ணெண்ணெய் வருகிறதா? அப்படியானால் குழாய் அடியில் இருக்கும் வால்வு போய்விட்டது. அதன் ரப்பர் கடுகளவுதான், ஆனால் அது கெட்டால் உள்ளே போன காற்று வந்த வழியே திரும்பிவிடும். அதைக் கழற்ற நீளமான தனிச் சாவி உண்டு. ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பி மரையைக் கெடுத்துவிடாதீர்கள்.

மெதுவாக இறங்குவதற்கு மூடி வாஷரோ, காற்றை வெளியேவிடும் காற்றுத் திருகோ, மேல் நட்டோ காரணமாக இருக்கலாம். ஷேவிங் பிரஷில் சோப்பு நுரை எடுத்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். கசிகிற இடத்தில் நுரைக்குள்ளே ஒரு சின்னக் கண் திறந்து மூடும். எங்கள் அப்பா விளக்கு வாடகைக்கு விட்டவர். மத்தியானத்தில் எனக்கு இதுதான் வேலை. ஒரு தடவை நுரை போடச் சோம்பல்பட்டு அனுப்பிய விளக்கு மாப்பிள்ளை அழைப்பில் பாதித் தெருவிலேயே மங்கிப்போனது. அன்றைக்கு வாங்கிய அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

டாங்கி ஒரு மணி நேரம் காற்றை நிறுத்தி வைத்தால் மட்டும் பற்றவைப்பதைப் பற்றி யோசியுங்கள்.

வெளிச்சம் மூச்சு வாங்குவது போல ஏறி இறங்குகிறது. (தேவகோட்டை)

எண்ணெயில் தண்ணீர் இருந்தாலும், எண்ணெய் சூடாகி ஆவியாகும் ஆவிக்குழாயில் கரி அடைத்திருந்தாலும், ஆவி பீறிடும் சின்னத் துளையுள்ள நிப்பிள் லூசாக இருந்தாலும் இப்படி வரும். சூடேற்றக் கிண்ணத்தில் எரிக்கும் ஸ்பிரிட் பத்தாமல் குழாய் சரியாகச் சூடாகாவிட்டாலும் வரும், அப்போது முதலில் மஞ்சளாகப் புகையும். கிண்ணத்து ஸ்பிரிட் எரிந்து தீரப்போகும்போதுதான் எண்ணெயைத் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் தீ மேலே கிளம்பும். கிளம்பினால் ஊதாதீர்கள், காற்றுத் திருகைத் திறந்துவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் துடிக்கிறதா? நிப்பிள் நுனிக்கும் அதற்கு நேர் மேலே இருக்கும் கலவைக் குழாயின் வாய்க்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். 500 சி.பி. (வெளிச்ச அளவு) பெட்ரோமாக்ஸில் அது சுமார் 14 மி.மீ. இருக்க வேண்டும். குழாயின் வாய் நிப்பிளுக்கு நேராகவும் நிற்க வேண்டும், சாய்ந்திருக்கக் கூடாது. பழைய ஸ்பேனர் கூடவே இருந்தால் அதிலேயே அளவு வெட்டியிருப்பார்கள். ஸ்டவ் பின்னை வெளியிலிருந்து குத்தி நிப்பிளைச் சுத்தம் செய்யும் பழக்கத்தை விடுங்கள். துளை பெருத்தால் எண்ணெய் அதிகமாகிக் கரிதான் கக்கும். கைச்சக்கரத்தைத் திருகினால் உள்ளிருக்கும் ஊசியே அந்த வேலையைச் செய்துவிடும்.

அப்புறம், கலவைக் குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். பூட்டிக் கிடந்த நம் வீட்டு விளக்குகளில் நான் அதிகம் கண்ட கோளாறு குளவிக்கூடு. போன மாதம் வந்த ஒன்றில் ஒரு கைப்பிடி செம்மண் கொட்டியது.

ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. பெட்ரோல் கலக்கலாமா? தின்னர்?

கூடாது. ஒரு சொட்டும் கூடாது. இது மண்ணெண்ணெய்க்கென்றே செய்த டாங்கி, மற்றவை ஊற்றினால் குண்டு. கிடைக்கும் வரை காத்திருங்கள்.

மேண்டிலில் (வெளிச்சம் தரும் வலைப்பை) கதிரியக்கம் இருக்கிறதாமே? (புதுவயல்)

பழையவற்றில் உண்டு. ஆவர் என்ற ஆஸ்திரிய வேதியியலர் 1890-களில் கண்ட கலவையில் 99 பங்கு தோரியம், 1 பங்கு சீரியம். அந்தத் தோரியத்துக்காகத்தான் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலையே ஜெர்மானியர் தேடி வந்தார்கள். மாட்டி எரிப்பதில் பெரிதாகப் பயமில்லை, உதிர்ந்த சாம்பலைத்தான் மூச்சில் இழுக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுத்துக் கை கழுவுங்கள். இப்போது தோரியம் இல்லாத மேண்டில் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். ஓட்டை விழுந்த மேண்டிலோடு எரிக்காதீர்கள். ஓட்டை வழியே பாயும் சுவாலை கண்ணாடியை உடைத்துவிடும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் ஒன்று வாங்கினேன். ஜெர்மன் அசல்தானா?

படத்தை வைத்துச் சொல்ல முடியாது, அண்ணே. டாங்கியில் 829, 500 சி.பி. என்றோ 828, 350 சி.பி. என்றோ அச்சிட்டிருக்கும். அதை மட்டும் நம்பாதீர்கள், அதே வடிவத்தில் பல நாடுகளில் செய்திருக்கிறார்கள். சி.பி. என்றால் மெழுகுவர்த்தி வெளிச்சக் கணக்கு, வாட் அல்ல. நல்ல நகலும் நன்றாகவே எரியும்.

எங்கள் தங்கும் விடுதிக்கு ஆறு விளக்கு, உள்ளே எல்.இ.டி. போட்டுத் தர முடியுமா?

முடியும், டாங்கியில் துளை போடச் சொல்லாத வரைக்கும். ஒயரை மேல் மூடி வழியாகவே இறக்கலாம், மேண்டில் இருந்த இடத்தில் மஞ்சள் பல்பு உட்காரும். கழற்றிய நிப்பிளையும் ஊசியையும் ஒரு துணியில் முடிந்து அந்தந்த விளக்கின் கைப்பிடியிலேயே கட்டி வையுங்கள்.